ஆனைமுடி அடிவாரத்தில் குத்துப்பாட்டு

மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் சொந்த வண்டியில் போக முடியாது. வரிசையில் நின்று, டிக்கெட் எடுத்து, பூங்கா பஸ்ஸில்தான் ராஜமலைக்கு ஏற வேண்டும். சரி, அதில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை, மலையில் ஹாரன் சத்தமாவது குறையட்டும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தோள்பையிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்துக் குத்துப்பாட்டை அலறவிடும் ஆளை என்ன செய்வது? எதிரே 2,695 மீட்டர் உயரத்துக்கு ஆனைமுடி நிற்கிறது. அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை மனுஷன்.

சாலையோரப் பாறையில் ஒரு வரையாடு குட்டியோடு மேய்ந்துகொண்டிருந்தது. பாட்டு நெருங்க நெருங்க மெல்லுவதை நிறுத்தியது, காதுகள் மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பின. அந்தக் கூட்டத்தில் இன்னொருவர் பிஸ்கட்டை நீட்டி "ம்மே, ம்மே" என்று கூப்பிடுகிறார். மாமியார் வீட்டு வெள்ளாடு என்று நினைப்பு! தமிழ்நாட்டின் மாநில விலங்கு ஐயா அது. குட்டி ஈனும் சமயத்தில் தொந்தரவு கூடாதென்று வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இங்கே பயணிகளையே விடுவதில்லை.

கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், "என்ஜாய் பண்ணத்தானே சார் வந்திருக்கோம்" என்று பதில் வருகிறது. தாராளமாகப் பண்ணுங்கள் சாமி, ஹெட்போன் எதற்கு இருக்கிறது?