கையைத் தூக்கியது அவ்வளவு பெரிய குற்றமா?

சனிக்கிழமை சங்கத்தின் பாட்லக்கில் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் பெயர் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். டிவியில் அமெரிக்கக் கால்பந்து. மிச்சிகன் பல்கலைக்கழக அணி டச்டவுன் (நம் கோல் மாதிரி) போட்டது, பேண்டு அந்த அணியின் பாட்டான 'தி விக்டர்ஸ்' வாசித்தது, பிள்ளைகள் எழுந்து 'ஹெயில்' (வாழ்க) என்று முஷ்டியை உயர்த்தினார்கள். பெரியவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். "இது என்ன கட்சி மாநாடா?" எல்லோரும் சிரித்தார்கள். என் மகளின் கை மட்டும் மேலேயே நின்றது. பிறகு தலைமுடியைச் சரிசெய்வதுபோல் மெதுவாக இறக்கினாள்.

ஐயா, அது வெறும் கத்தல் இல்லை. 1898 நவம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தை அதன் ஊரிலேயே 12-11 என்று மிச்சிகன் வென்றது. ஒரே ஒரு புள்ளி! பார்க்கப் போயிருந்த இசை மாணவர் லூயி எல்பெல், அன்று எல்லோரும் பாடிக்கொண்டிருந்த ஜனரஞ்சகப் பாட்டு இந்த வெற்றிக்குப் போதாது என்று நினைத்து எழுதியது இது. அடுத்த வருடமே, மார்ச் இசைக்குப் பேர்போன ஜான் ஃபிலிப் சூசாவின் பேண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்கு வந்து இதை வாசித்தது. அங்கே கால்பந்து ஆடிய ஜெரால்டு ஃபோர்டு அமெரிக்க ஜனாதிபதியான பிறகு, தனக்கு வழக்கமாக வாசிக்கும் வரவேற்பு இசைக்குப் பதில் இதை வாசிக்கச் சொல்வாராம். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அணைத்தீர்களா?

"அந்த மெட்டே காப்பி" என்று ஒருவர் இன்பாக்சில் வந்தார். அதே காலத்து இன்னொரு மார்ச் இசையோடு (அணிவகுப்பு இசை) ஒற்றுமை இருப்பது உண்மைதான். இருக்கட்டுமே. நம் ஊர்க் கோயில் திருவிழா மெட்டுகளுக்கெல்லாம் ரசீது வைத்திருக்கிறோமா?

பாட்டில் "மேற்கின் சாம்பியன்கள்" என்று ஒரு வரி உண்டு. மிச்சிகன் அந்த மேற்குப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டமைப்பை விட்டு விலகியிருந்த வருடங்களில் அது பொருந்தவில்லை என்று 1911இல் 'வார்சிட்டி' என்று புதுப் பாட்டே எழுதினார்கள். நல்ல பாட்டுதான். ஆனாலும் டச்டவுன் விழுந்தால் ஜனங்கள் எழுந்து நிற்பது பழையதற்குத்தான்.

நான் அங்கே படிக்க வந்து ஏழாவது வாரம். யாரோ கொடுத்த டிக்கெட். ஒரு லட்சம் பேருக்கு நடுவே, ஒரு விதியும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைப் பாட்டி, மஞ்சள் கம்பளித் தொப்பி, என் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்தில் தூக்கிவிட்டார். மூன்றாவது தடவை நானே தூக்கினேன். அதுவரை அந்த ஊரில் என்னை யாரும் தொட்டுக்கூடப் பேசியதில்லை. உங்கள் சங்கத்தில் என்னை அப்போது யாரும் தேடவுமில்லை. சரி, அது வேறு கதை.

"பிள்ளைகளுக்குத் தமிழ் முதலில்" என்பீர்கள். என் மகள் பத்து அதிகாரம் குறள் ஒப்பிப்பாள். இதைச் சொல்லி நிரூபிக்கவேண்டியிருப்பதே எனக்கு அவமானமாக இருக்கிறது. அதே பெரியவர் ஐபிஎல் நாளில் காலை பத்து மணிக்கே மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு விசிலடிப்பார். அது பண்பாடு. இது மட்டும் கூச்சல்!

கால்பந்தில் பிள்ளைகளுக்கு மண்டையில் அடிபடுகிறது என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பேசுவது பாட்டைப் பற்றி.

நேற்று பழைய மேட்ச் ஒன்றைப் போட்டு, பேண்டு வாசித்ததும் நான் கையைத் தூக்கினேன். "வேண்டாம்ப்பா" என்று மகள் சவுண்டைக் குறைத்துவிட்டாள்.

அடுத்த பாட்லக்குக்குச் சாம்பார் எங்கள் முறையாம். பார்க்கலாம்.