கிறுக்கல் என்று சொல்லுமுன்

நேற்று நான் பகிர்ந்த ஓவியத்தின் கீழே, "இதை என் மகன் யூகேஜியிலேயே வரைந்துவிட்டான்" என்று நண்பர் எழுதியதையும், அதற்கு எத்தனை பேர் சிரிப்புக்குறி இட்டார்கள் என்பதையும் பார்த்திருப்பீர்கள். அது கிறுக்கல் அல்ல. அமெரிக்க ஓவியர் ஜோன் மிட்செல் 1955இல் தீட்டிய 'நகர நிலக்காட்சி' என்ற அந்த ஓவியம் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டர் உயரமும் அதே அகலமும் கொண்ட ஒன்றைக் கைபேசியில் கட்டைவிரல் அளவில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

நான் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். சுற்றிலும் வெளிறிய வெண்மை; நடுவில் இளஞ்சிவப்பு, செஞ்சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். அருகில் போனபோதுதான், வெறும் பின்னணி என்று நான் எண்ணியிருந்த அந்த வெண்மையிலும் தூரிகை திசைமாறித் திசைமாறி உழைத்திருப்பது தெரிந்தது. மிட்செல் சிறிது தீட்டுவார், பிறகு உட்கார்ந்து சில வேளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார், அதன் பிறகே அடுத்த தீற்றல். இதையா ஐந்து வயதுப் பிள்ளையின் அவசரத்தோடு ஒப்பிடுகிறீர்கள்?

"நிலக்காட்சி என்றால் மரம் எங்கே, வீடு எங்கே?" என்று கேட்பீர்கள். தாம் மனத்தில் சுமந்து திரியும் நிலக்காட்சிகளிலிருந்தே தீட்டுவதாக அவரே சொல்லியிருக்கிறார். சிகாகோவில் நான் கழித்த முதல் குளிர்காலத்தில், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் மிச்சிகன் ஏரிக்கரையில் நடந்து, மாலையில் நகரத்தைத் திரும்பிப் பார்ப்பேன். பனிமூட்டத்தில் ஒரு கட்டடமும் தனியாகத் தெரியாது. விளக்குகளும் சுவர்களும் கலங்கி ஒரே வண்ணத் திரளாக நிற்கும். தெருப்பெயர்கள் மறந்துவிட்டன, அந்தத் திரள் மறக்கவில்லை. அந்த ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்தான் மிட்செல்.

"புரியாததைப் புரியவில்லை என்று சொல்லக் கூடாதா?" தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கும் முதல் நாள் புரியவில்லை. ஆனால் நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, சிரித்தீர்கள். விலையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, நான் விலையைப் பேசவே இல்லை. "வெளிநாடு போனதும் ரசனை வந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். தனிமையில் என்னைத் தாங்கிய ஒன்றைப் பகிர்ந்ததற்கு இதுதான் கிடைக்க வேண்டுமா?

முதலில் எழுதிய அந்த நண்பர் எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர். அந்த ஓவியத்தின் அச்சுப்படி கூடத்தில், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. ஒருநாளாவது அது என்ன என்று கேட்டிருந்தால், இதையெல்லாம் அவரிடமே சொல்லியிருப்பேன்.