நவஹோ மணல் ராக்கி மலையிலிருந்து வந்ததல்ல
“அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சயான் பள்ளத்தாக்குப் பாறை, பக்கத்து ராக்கி மலை கரைந்து வந்த மணல்” என்று எழுதியிருக்கிறீர்கள். காலம் இடிக்கிறதே! அந்தப் பாறையான நவஹோ மணற்கல்லுக்கு வயது ஏறக்குறைய 19 கோடி ஆண்டு. இன்றைய ராக்கி மலைகள் எழத் தொடங்கியதே சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பேரனுக்குப் பிறகா தாத்தா பிறப்பார்?

அந்த மணலில் உள்ள சிர்க்கான் என்னும் கனிமத் துகள்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால், கணிசமானவை 100–120 கோடி ஆண்டு வயது காட்டுகின்றன. (இது படிகம் உருவான வயது, மணற்கல்லின் வயதல்ல.) அந்த வயதுப் பாறைகள் ஏராளமாக இருப்பது கிழக்கே, அப்பலாச்சியன் மலைத்தொடர் பக்கம். கண்டத்தையே குறுக்கே கடந்த ஆறுகள் மணலை மேற்கே சேர்த்தன, அப்புறம் வடக்குக் காற்று அதை வாரிக் குன்றுகளாகக் குவித்தது என்பதே 2003இல் புவியியலாளர்கள் டிக்கின்சனும் கெரல்ஸும் முன்வைத்த விளக்கம்.