நமக்குள் என்ன கணக்கு?

இந்த மூன்று சொல்லுக்கு நான் கொடுத்த விலை: எட்டு மாத உழைப்பு, மனைவியின் நகையை அடகு வைத்த மூன்று லட்சம், ஒரு நண்பன். புதிதாகத் தொழில் தொடங்கப் போகிறேன், இணை நிறுவனரை எங்கே தேடுவது என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுகிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதல் கம்பெனியைக் கல்லூரியில் என்னுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனோடு தொடங்கினேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விவசாயி கொண்டுவரும் மல்லிகையைக் கமிஷன் கடைக்காரர் எடை போட்டு, விற்று, கமிஷனும் முன்பணமும் கழித்து ஒரு சிட்டையை நீட்டுவார். அந்தச் சிட்டை விவசாயியின் கைப்பேசிக்கே வந்தால் என்ன என்பதுதான் யோசனை. அதில் பழுதில்லை; புரோகிராமை முதலிலிருந்து எழுதி, இன்றைக்கும் அதைத்தான் வேறு பெயரில் செய்துகொண்டிருக்கிறேன். பங்கு பிரிக்கும் பேச்சு திருப்பரங்குன்றத்தில் ஒரு டீக்கடையில் டீ ஆறுவதற்குள் முடிந்தது. நான் போட்டது மூன்று லட்சம். அவன் போட்டது அறுபதாயிரமும் ஒரு பழைய மடிக்கணினியும். "பாதிப் பாதி என்று வைத்துக்கொள்வோமா, இல்லை..." என்று இழுத்தேன். "விடுடா மாப்பிள்ளை, நமக்குள் என்ன கணக்கு?" என்றான். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எட்டாம் மாதம் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. தங்கை திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் போனதைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அவன்தான் போனான், அவனுடைய பாதி போகவில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு இயக்குநர்கள் இருந்தே ஆகவேண்டும். இயக்குநர் கூட்டம் செல்லுபடியாகவும் குறைந்தது இருவர் வேண்டும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவனைப் போனில் துரத்தினேன். முதலீடு செய்யலாம் என்று வந்தவர் பங்குப் பட்டியலைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஐம்பது சதவீதக்காரர் எங்கே?" அவர் மறுபடி வரவில்லை. பங்கை எழுதிக்கொடு என்று நண்பனிடம் கேட்டேன். "நான் எழுதிய புரோகிராம்தானே ஓடுகிறது, சும்மா எப்படித் தருவது?" என்றான். நியாயமான கேள்வி. அதற்கான விடையை அந்த டீக்கடையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கம்பெனி எதற்கு, பார்ட்னர்ஷிப் போதுமே என்பவர்களுக்கு: நீங்கள் எழுதாமல் விடுவதை 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தானே எழுதிவைத்திருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நட்டமும் சமபாகம். தொழிலைக் கவனித்ததற்காகத் தனிச் சம்பளம் கேட்க முடியாது. இரவு பகலாக உழைத்தவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை எட்டிப்பார்த்தவனுக்கும் ஒரே பங்கு. அண்ணன் தம்பி கடை நடுவில் சுவர் எழும்பி, ஒரே பெயருக்கு முன்னால் ஒருவர் 'புதிய' என்றும் இன்னொருவர் 'ஒரிஜினல்' என்றும் சேர்த்துக்கொண்டு நிற்பதை நம் கடைத்தெருக்களில் யார்தான் பார்க்கவில்லை?

ஸ்டார்ட்அப் உலகில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு, 'வெஸ்டிங்' என்பார்கள். பங்கை முதல் நாளே முழுச் சொந்தமாக்காமல் நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரவிடுவது. பெரும்பாலும் முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் கிடையாது. முடிந்ததும் கால் பங்கு. பிறகு மாதா மாதம் 48இல் ஒரு பாகம். இது மட்டும் இருந்திருந்தால் என் நண்பன் போட்ட பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பான், இன்றைக்கும் என் வீட்டு விசேஷத்துக்கு வந்துகொண்டிருப்பான்.

நட்புக்குள் கணக்கு எழுதினால் மனம் நோகும் என்பவர்கள் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். சொந்தத் தாய்மாமன் வைக்கும் மொய்யையே இனிஷியலும் ஊர்ப் பெயருமாக நோட்டில் எழுதுகிறார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதே கொடுக்கிறார்கள். பத்து வருடம் கழித்துத் திருப்பிச் செய்யும்போது நோட்டைப் புரட்டித்தான் செய்கிறார்கள். அதனால் எந்த உறவு முறிந்தது? எழுத விட்டுப்போன மொய்க்குத்தான் சண்டை வந்திருக்கிறது. உறவுக்குள் கணக்கு எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. தொழில் என்று வந்தால் மட்டும் அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

சரி, எங்கே தேடுவது? புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்கு வட்டார மையம் மதுரையிலேயே இருக்கிறது. கூட்டங்களுக்குப் போங்கள், நான்கு பேர் பழக்கமாவார்கள். கைகுலுக்கிய சூட்டில் பங்கு எழுதிவிடாதீர்கள், அவ்வளவுதான். ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் அதற்கு முன்பே ஜோஹோவில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். 'சொந்தக்காரர்களோடு தொழில் கூடாது' என்று பொதுவாகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி இதே மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது உடன் நின்றவர்கள் அவருடைய குடும்பத்தார்தான். ஆனால் தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

என் இப்போதைய கூட்டாளியை நான் தேடவே இல்லை. மேலூர்க்காரர். ஒரு கமிஷன் கடையில் பன்னிரண்டு வருடம் கணக்கு எழுதியவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புரோகிராம் எழுதத் தெரியாது. கணக்கைச் சரிபார்க்க மூன்று மாதம் சம்பளத்துக்கு வந்தார். மார்கழி, பனியில் வரத்து குறைந்து மல்லிகை கிலோ 2,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. என் புரோகிராம் எடையை நூறு நூறு கிராமாகத்தான் காட்டும். 3 கிலோ 440 கிராம் கொண்டுவந்தவருக்கு 3.4 என்று சிட்டை போகும். வைகாசியில் யாரும் கவனிக்காத நாற்பது கிராம் மார்கழியில் 80 ரூபாய்.

அக்கா அதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். "அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் அக்கா, கூடுதலாகப் போனவர்களும் இருக்கிறார்களே" என்று நான் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே, குறைவாக வாங்கிய விவசாயிகளுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் முன்னால் மானம் போயிற்று என்று கத்தினேன். "கத்தி முடித்துவிட்டு இந்தப் பட்டியலைப் பாருங்கள் தம்பி. 31 பேர். மொத்தம் 1,940 ரூபாய் தரவேண்டும்" என்றார். இவர்தான் என் கூட்டாளி என்று அந்த நொடியே முடிவெடுத்தேன் என எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பங்குப் பேச்சை எடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியை என் நண்பனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. "எனக்கு மாதம் 18,000 வீட்டுக்கு வேண்டும். வருமானமே இல்லாவிட்டால் ஆறு மாதம் தாங்குவேன். உங்கள் வீட்டில் எத்தனை மாதம் தாங்கும்?" நான் 30 சதவீதம் என்றேன், அவர் 40 கேட்டார். இரண்டு வாரம் பேசி 36இல் நின்றோம். நான்கு ஆண்டு வெஸ்டிங், யார் எதில் முடிவெடுப்பது, ஒருவர் விலகினால் என்ன என்று எல்லாம் எழுதினோம். கம்பெனியைப் பதியும்போது கொடுக்கும் விதிமுறைகளிலும் இதைச் சேர்க்கச் சொன்னார் ஆடிட்டர். மற்றவர் எழுத்தில் சம்மதிக்காமல் சொந்தக்காரர் யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்ற வரி அக்காவுடையது. என் மைத்துனன் இன்னும் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

போன மாதச் செலவுக் கணக்கில் அழகர்கோவில் போய்வந்த பெட்ரோல் 200 ரூபாய் என்று எழுதியிருந்தேன். "தோட்டம் பார்க்கப் போனீர்களா, சாமி கும்பிடப் போனீர்களா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். 100 என்று திருத்தி, பக்கத்தில் என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்.