கையெழுத்து பெரியவர்களுடையது, முடிவு யாருடையது?

கல்லூரி வயதினரே தொடங்கி, அவர்களே நடத்தி, தங்களைவிட ஐந்தாறு வயது இளைய பிள்ளைகளுக்குச் சமூகப் பணியிலும் தலைமைப் பொறுப்பிலும் பயிற்சி தரும் ஒரு சிறிய தொண்டு அமைப்போடு, ஆலோசகர் என்ற பெயரில் மூன்று ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கூப்பிட்டால் போவேன், கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன் என்பது என்மீது அவர்களுக்கு உள்ள மனக்குறை. அது நியாயமான குறைதான் என்பதை எனக்குப் புரியவைத்த ஒரு கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

முதியோர் இல்லம் ஒன்றுக்குச் செல்வதற்கான திட்டக் கூட்டம் அது. தலைமை தாங்கியவருக்குப் பதினாறு வயது. பாட்டு, நடனம், பரிசுப் பை, கடைசியில் குரூப் போட்டோ என்று நிகழ்ச்சி நிரல் வெள்ளைப் பலகையில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பையன், "இதெல்லாம் வேண்டுமா என்று அங்கே இருப்பவர்களிடம் யாராவது கேட்டோமா?" என்றான். அறை அமைதியாகிவிட்டது. விடை என் நாக்கு நுனியில் நின்றது. அமைப்பின் பொறுப்பாளரான அக்கா (பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அக்காதான்) என்னைப் பார்த்து, பேசவேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். ஒரு நிமிடமாவது கழிந்திருக்கும். பிறகு தலைமை தாங்கிய அந்தப் பதினாறு வயதுப் பெண் பலகையில் இருந்ததை அழித்துவிட்டு, மறுநாள் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கேட்டுவருவது என்று முடிவு செய்தார்.

போனவர்கள் கொண்டுவந்த பட்டியலில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று ஒரு பெரியவர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். பெரும்பாலோர் கேட்டது, கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கவும், வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளை வீடியோவில் அழைக்கக் கற்றுக்கொடுக்கவும் பொறுமையுள்ள ஓர் ஆள். ஒரே நாளில் முடிந்திருக்கவேண்டிய நிகழ்ச்சி, வாரம் ஒரு மணி நேரம் என நான்கு மாதம் நீளும் வேலையாகிவிட்டது. முதல் வாரம் பதினான்கு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் மூன்றே பேர். வராதவர்கள் ஒவ்வொருவரையும் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்து, கோபப்படாமல், காரணத்தைக் கேட்டு, யாரால் எந்த வாரம் வரமுடியும் என்று சுழற்சி முறையில் ஓர் அட்டவணை போட்டார். பயிற்சிப் பட்டறைகளில் மேடைப் பேச்சையும் தன்னம்பிக்கையையும்தான் தலைமைப் பண்பு என்று நாம் சொல்லித்தருகிறோம். வராதவனுக்கு நான்காவது முறையாகப் போன் செய்வது எந்தப் பாடத்திட்டத்திலும் இருப்பதில்லை.

பிள்ளைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப் அமைப்புக்காக எழுதிய கட்டுரையில், அந்தப் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் குடிமக்களின் பங்கேற்புக்காக வரைந்த ஏணிதான் அவருக்கு முன்மாதிரி. கீழ்ப்படிகள் மூன்றையும் ஹார்ட் பங்கேற்பு என்றே ஒப்புக்கொள்வதில்லை. அவற்றில் ஒன்றின் பெயர் அலங்காரம். எதற்காக என்று தெரியாமலே வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கும் பிள்ளைகளை அவர் அந்தப் படியில் வைக்கிறார். இப்படி அலங்காரமாக நிறுத்தப்பட்ட பிள்ளைகளின் படங்கள் நம் அனைவரின் முகநூல் பக்கங்களிலும் இருக்கும், என்னுடையதிலும் இருக்கிறது. ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று, அந்த ஏணியின் உச்சிப்படி பெரியவர்களே இல்லாத இடமல்ல என்பது. பிள்ளைகள் தொடங்கிய ஒன்றில் பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பதைத்தான் அவர் எட்டாவது படியில் வைத்தார். ஆகவே "எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டுவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்லி விலகிக்கொள்வதும் சரியல்ல. குறிப்பாகப் பிள்ளைகளின் பாதுகாப்பில் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது.

இளையவர்களிடம் பொறுப்பைக் கொடுப்பது நேற்று வந்த யோசனையல்ல. கிறித்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. அமைப்பை 1844-இல் லண்டனில் தொடங்கியபோது ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு வயது 22. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமிலேயே சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அணியும் ஒரு சிறுவனின் பொறுப்பில் விடப்பட்டது. ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளிக்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. தடுமாற்றம் வருவது பணத்தில்தான்.

பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்பதால், வங்கிக் கணக்கு, வாடகை, பதிவு ஆவணம் அனைத்திலும் பெரியவர்களின் கையெழுத்து வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போடுபவர் மெல்ல மெல்ல முடிவெடுப்பவராக மாறிவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. இந்த அமைப்பில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: பிள்ளைகளின் தீர்மானப் புத்தகத்தில் ஏறாத செலவுக்குப் பெரியவர்கள் கையெழுத்திடக் கூடாது, ஏறிய செலவுக்குக் கையெழுத்து மறுப்பதானால் காரணத்தை அதே புத்தகத்தில் எழுதவேண்டும். ஒருமுறை இரண்டு ரசீதுகள் காணாமல் போய்க் கணக்கு இடித்தது. சிறிய தொகை. சங்கடத்தைத் தவிர்க்க என் பையிலிருந்து போட்டுவிடுகிறேன் என்றேன். பொருளாளராக இருந்த பையன் மறுத்துவிட்டான். "நீங்கள் போட்டால் கணக்கு சரியாகிவிடும் அண்ணா, ரசீது எப்படித் தொலைந்தது என்று யாரும் தேடமாட்டார்கள்" என்றான். அடுத்த கூட்டத்தில் அவனே எழுந்து குறையைச் சொன்னான். அதன்பிறகு ரசீதை வாங்கிய இடத்திலேயே படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் வந்தது.

சமூகப் பணிக்குத் தரும் சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். தானாக ஒருபோதும் வராதவனையும் இத்தகைய ஏற்பாடு ஒருமுறை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதால் நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் மணிக்கணக்கை மட்டும் எண்ணும் அமைப்பில், வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது இந்த அமைப்பில் சிலருக்குப் பிடிக்காது. இருபது வயதில் தொடங்கியவர்கள் இருபத்தெட்டு வயதிலும் "இளைஞர்" என்ற பெயரில் நாற்காலியில் இருந்தால், கீழே பயிற்சி பெறும் பதினாறு வயதினர் எதற்குத்தான் தயாராகிறார்கள்? எங்கள் விதிப்புத்தகத்தில் 24 வயது என்று எல்லை போட்டிருக்கிறது. அன்று என்னைத் தலையசைத்து அடக்கிய அக்காவுக்கு இன்னும் சில மாதங்களில் அந்த வயது நிறைகிறது. அவரைப்போல வேலை செய்ய ஆளில்லை, விதியைத் திருத்தலாம் என்ற பேச்சு தொடங்கியிருக்கிறது. திருத்தக் கூடாது என்பதே என் கருத்து, அவரிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். ஆலோசகர் பதவிக்கும் இதேபோல ஒரு கால எல்லை வேண்டும் என்று கடிதம் கொடுத்திருக்கிறேன்; நிகழ்ச்சி நிரலில் அதை எப்போது சேர்ப்பது என்பதைப் பிள்ளைகள்தான் முடிவு செய்யவேண்டும், இன்னும் சேர்க்கவில்லை.