அந்தப் பக்கத்து அம்மாவை ஏன் மறந்தோம்?

‘ஃப்ரிஞ்ச்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரின் ‘பீட்டர்’ எபிசோடைப் பற்றிப் பேச்சு வந்தாலே, எந்த அப்பாவாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். 2010 ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பான எபிசோட் அது. அப்போதே பார்த்தவர்களும் சரி, இப்போது புதிதாகப் பார்ப்பவர்களும் சரி, அழுது முடித்ததும் இந்தத் தீர்ப்புக்குத்தான் வருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். தொடரைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதையை மறைக்காமல்தான் பேசப்போகிறேன்.

பார்த்து ரொம்ப நாள் ஆனவர்களுக்காகக் கொஞ்சம் கதை. வருடம் 1985. விஞ்ஞானி வால்டர் பிஷப்பின் மகன் பீட்டர் நோயில் இறந்துபோகிறான். வால்டரிடம் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாக இணைப் பிரபஞ்சத்தைப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு வால்டர், ஒரு எலிசபெத், அதே நோயோடு ஒரு பீட்டர். அந்த வால்டரும் மருந்து கண்டுபிடிக்கப் போராடிக்கொண்டிருக்கிறார். மருந்து சரியாக வந்த அந்தக் கணத்தில், பரிசோதனைக் கூடத்துக்குள் ‘அப்சர்வர்’ எனப்படும் மர்ம மனிதர்களில் ஒருவர் வந்து அந்த வால்டரின் கவனத்தைத் திருப்பிவிடுகிறார். அவர் கவனிக்கத் தவறியதை இங்கிருந்து நம் வால்டர் பார்த்துவிடுகிறார். மருந்தை இங்கே தயாரித்து, அங்கே போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் அவர் திட்டம். தடுக்க வந்த தோழி நீனாவோடு நடந்த இழுபறியில் மருந்துக் குப்பி உடைந்துவிடுகிறது. அதனால் பையனையே இங்கே தூக்கி வந்து குணப்படுத்துகிறார். திருப்பிக் கொண்டுபோய் விடுவதாகத்தான் நினைக்கிறார். ஆனால் பையனைப் பார்த்த எலிசபெத்தின் முகத்தைக் கண்டதும் அவரால் முடியவில்லை.

ஜான் நோபிளின் நடிப்பைப் பற்றி என்ன சொன்னாலும் குறைவுதான். அந்த நடிகருக்கு ஒரு எம்மி பரிந்துரைகூடக் கிடைக்காமல் போனது ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத வருத்தம், எனக்கும்தான். அவர் குரல் உடையும்போது நம் தொண்டையும் அடைக்கிறது. அதனால் வால்டர் மீது இரக்கம் வருவதில் தப்பே இல்லை. எனக்கும் வந்தது, இன்னமும் வருகிறது. என் கேள்வி அந்த இரக்கம் எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியது.

ஒரு காட்சியைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். வால்டர் அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போகிறார். நோயில் கிடக்கும் மகனோடு எலிசபெத் இருக்கிறாள். வந்திருப்பது தன் கணவன் என்றே நம்புகிறாள். மருந்து கிடைத்துவிட்டது, கூடத்துக்கு அழைத்துப் போகிறேன், திரும்பக் கூட்டி வந்துவிடுவேன் என்கிறார் வால்டர். அவள் நம்பி அனுப்புகிறாள். அந்தப் பையன் அவளிடமிருந்து பறிக்கப்படவில்லை, அவளே தன் கையால் ஒப்படைத்தாள். அவள் கணவன் வீடு திரும்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? நீதானே கூட்டிப் போனாய் என்று இவள் கேட்பாள், நான் வரவே இல்லையே என்று அவர் சொல்வார். இதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ‘எந்த அப்பாவாக இருந்தாலும்’ என்று நாம் எப்படிச் சொல்கிறோம்? அந்தப் பக்கமும் ஓர் அப்பா இருந்தாரே!

இந்த எபிசோடிலேயே வால்டரை எதிர்த்து நிற்கும் ஒரு குரல் இருக்கிறது. அவருடைய உதவியாளர் கார்லா வாரன். 1945 அணுகுண்டுச் சோதனையை நினைத்து ஓப்பன்ஹைமர் சொன்ன கீதை வரியை, உலகங்களை அழிக்கும் காலனாக ஆனேன் என்ற அந்த வரியை, அவள் வால்டருக்கு நினைவுபடுத்துகிறாள். நம் ஊர்ப் பார்வையாளர்கள் பலர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் பலரும் அவளை, நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கும் பிடிவாதக்காரியாகத்தான் பார்த்தார்கள். அவள் சொன்னதுதான் பிறகு எழுத்துக்கு எழுத்து நடந்தது. வால்டர் கடந்துபோன வழியிலிருந்துதான் அந்தப் பிரபஞ்சம் கிழிய ஆரம்பிக்கிறது. அங்கே கிழிசல் விழும் இடங்களையெல்லாம் மனிதர்களோடு சேர்த்து, ஆம்பர் என்ற இறுகிவிடும் பொருளை ஊற்றி மூட வேண்டிய நிலை வருகிறது.

சரி, வால்டரை மன்னித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அதே பார்வையாளர்கள் ஃபோலிவியாவை, அதாவது அந்தப் பக்கத்து ஒலிவியாவை, என்ன செய்தார்கள்?

2010 மே மாதம் வந்த இரண்டாம் சீசன் முடிவில், தொடரின் நாயகியான எஃப்.பி.ஐ. அதிகாரி, நம் ஒலிவியா அந்தப் பக்கம் சிறைப்படுகிறாள். அவள் இடத்தில் அந்தப் பக்கத்து ஒலிவியா இங்கே வந்து, அவள் வீட்டில் வாழ்ந்து, அவள் வேலையைச் செய்து, வளர்ந்துவிட்ட பீட்டரோடு காதலும் கொள்கிறாள். பார்வையாளர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. திருடி, வேஷக்காரி என்று திட்டினார்கள். கண்டுபிடிக்கத் தெரியாத பீட்டருக்கும் வசவு விழுந்தது. டிசம்பரில் வந்த ‘மேரியனெட்’ எபிசோடில், தன் வாழ்க்கையின் ஒவ்வொரு பொருளிலும் அவள் கை பட்டிருக்கிறது என்று ஒலிவியா உடைந்துபோகும்போது எனக்கும் அதே கோபம்தான் வந்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் அந்தப் பக்கம் போய், அங்குள்ளவரின் முகத்தைப் பயன்படுத்திப் பொய் சொல்லி, அவர்களுக்கு உயிரானதை எடுத்து வந்தார். இன்னொருத்தி இந்தப் பக்கம் வந்து அதையே செய்தாள். அவளுக்கும் காரணம் இருந்தது: தன் உலகம் அழிகிறது, அதற்குக் காரணம் இந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவள் நம்பினாள். அது பொய்யும் இல்லை. அப்படியிருக்க அவரை அப்பா என்றோம், அவளைத் திருடி என்றோம். முதல் சீசனிலிருந்து கேமரா யார் வீட்டுக்குள் இருந்ததோ அவர்கள் நம்மவர்கள் ஆகிவிட்டார்கள். இதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இணைப் பிரபஞ்சக் கதைகள் நம்மை இப்படித்தான் பழக்கியிருந்தன என்பதும் உண்மை. 1967-ல் வந்த ஸ்டார் டிரெக்கின் ‘மிரர், மிரர்’ எபிசோடில் மறுபக்கம் என்றால் கொடுமைக்காரப் பேரரசு. தாடி வைத்த ஸ்போக்கைத் தவிர அங்கே மதிக்கத்தக்கவர் என்று யாரையும் பெரிதாகச் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் நிற்பது என்று பார்ப்பவர் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்த ஸ்போக்காக நடித்த லெனர்ட் நிமோய்தான் ஃப்ரிஞ்சில் வால்டரின் பழைய ஆராய்ச்சிக் கூட்டாளி வில்லியம் பெல். 2009 மே மாதம் முதல் சீசன் முடிவில் ஒலிவியா அவரைச் சந்திக்கும் அறையிலிருந்து கேமரா பின்வாங்க, அந்தக் கட்டடம் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் ஒன்று என்று தெரிகிறது. அங்கே அவை இடியவில்லை. ஒரு ஷாட்தான். ஆனால் அதைப் பார்த்தவர்களுக்கு வந்தது பயமோ வெறுப்போ அல்ல, ஏக்கம். ஃப்ரிஞ்ச் முதல் நாளிலிருந்தே அந்தப் பக்கத்தை நேசிக்கச் சொன்ன தொடர் என்று நான் நினைப்பது அதனால்தான்.

மூன்றாம் சீசனில் தயாரிப்பாளர்கள் இதை இன்னும் துணிச்சலாகச் செய்தார்கள். இந்தப் பக்கத்துக் கதை என்றால் நீல டைட்டில், அந்தப் பக்கம் என்றால் சிவப்பு டைட்டில். மாறி மாறி வந்தது. சிவப்பு டைட்டில் வந்த வாரங்களில், நம் ஆட்கள் எங்கே, எதற்கு இந்த அந்நியர்களைக் காட்டுகிறீர்கள் என்று அலுத்துக்கொண்டவர்கள் நிறைய. சீசன் பாதியில், 2011 ஜனவரியில், ஃபாக்ஸ் தொடரை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியதும் தொடரே நின்றுவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஆனால் அதே வெள்ளிக்கிழமைகளில்தான் தொடரின் மிக நேர்மையான இரண்டு எபிசோடுகள் வந்தன.

ஒன்று ‘இம்மார்ட்டாலிட்டி’. தன் உலகைக் காப்பாற்றக் குழந்தைகள் மீது மருந்துச் சோதனை செய்யலாம் என்ற யோசனை வரும்போது வால்டர்னேட், அதாவது அந்தப் பக்கத்து வால்டர், மறுத்துவிடுகிறார். நாம் வில்லன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர்! நம் அன்பான வால்டரோ, சின்ன ஒலிவியா உட்படக் குழந்தைகள் மீது ஜாக்சன்வில்லில் அதைச் செய்தவர். வால்டர்னேட் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆம்பருக்குள் இருப்பவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தே மக்களிடம் மறைத்தவர் அவர், ஒலிவியாவுக்கு அவர் செய்தது மன்னிக்க முடியாதது. ஆனால் வால்டருக்குக் கிடைத்த சலுகையில் பாதியாவது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று ‘சப்ஜெக்ட் 13’, மறுபடியும் 1985. தன் வீடு ஏரிக்கு அடியில் இருக்கிறது என்று நம்பி, பனி உறைந்த ஏரியை உடைத்து உள்ளே போகப் பார்க்கிறான் குட்டிப் பீட்டர். நீ என் அம்மா இல்லை என்று அவனுக்குத் தெரிகிறது, நான்தான் உன் அம்மா என்று இந்தப் பக்கத்து எலிசபெத் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம், மகன் எங்கே போனான் என்றே தெரியாமல் ஒரு திருமணம் இற்றுப்போகிறது. ‘பீட்டர்’ எபிசோடைப் பார்த்து அழுதவர்கள் அடுத்ததாக இதைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழுக் கதை.

‘ஒயிட் டியூலிப்’ எபிசோடைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் எனக்கு எதிராக எல்லோரும் காட்டுவார்கள். வால்டர் கடவுளிடம் மன்னிப்பின் அடையாளமாக ஒரு வெள்ளை டியூலிப் பூவைக் கேட்கிறார், பூவின் படம் வந்து சேர்கிறது. மிக அழகான முடிவு, ரசிகர்களுக்கு அந்தப் பூதான் தொடரின் சின்னமே. ஆனால் அந்த மன்னிப்பைக் கொடுத்தது யார்? பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் யாரும் கேட்கவில்லை.

அவளுக்குத் தொடரில் இடமே இல்லாமல் போகவில்லை. இரண்டாம் சீசன் முடிவில், ‘ஓவர் தேர்’ எபிசோடில், கால் நூற்றாண்டுக்குப் பிறகு வளர்ந்து நிற்கும் தன் பீட்டரை அவள் பார்க்கிறாள். ஆர்லா பிராடி இரண்டு எலிசபெத்களையும் நடித்தவர். எதுவும் கேட்காமல், பழைய கணக்கு எதையும் தீர்க்காமல், மகனுக்குச் சாப்பாடு செய்து தருகிறாள். அந்த எபிசோட் என்றதும் எல்லோரும் பேசுவது ஒலிவியா ஆள் மாறிய கடைசி நிமிடங்களைப் பற்றித்தான். கமெண்டில் வால்டருக்காக வாதாட வருபவர்கள் தாராளமாக வாருங்கள், ஆனால் அதற்கு முன் அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சியை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.