‘அவே இன் எ மேஞ்சர்’ லூத்தர் எழுதியதா?

கிறிஸ்துமஸ் நெருங்கினால் போதும், ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பிவிடுகிறது: “‘அவே இன் எ மேஞ்சர்’ பாடலை மார்ட்டின் லூத்தர் தன் பிள்ளைகளுக்குத் தாலாட்டாக எழுதினார். இன்றும் ஜெர்மன் தாய்மார் இதைத்தான் பாடுகிறார்கள்.”

இது தவறு. ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதியான லூத்தர் இறந்தது 1546-இல். இந்தக் கிறிஸ்துமஸ் பாடல் அச்சில் தலைகாட்டுவதே 1880களில், அதுவும் அமெரிக்காவில், ஆங்கிலத்தில். லூத்தரின் நூல்களில் இதற்கு ஜெர்மன் மூலம் எதுவும் இல்லை.

வதந்திக்கும் வயது கொஞ்சமில்லை. 1887-இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜேம்ஸ் மரே வெளியிட்ட சிறுவர் பாட்டுப் புத்தகத்திலேயே ‘லூத்தரின் தாலாட்டு’ என்று தலைப்பிட்டு, ஜெர்மன் தாய்மார் கதையையும் சேர்த்திருந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1883-இல், லூத்தரின் 400-ஆவது பிறந்த ஆண்டு கொண்டாடப்பட்டது. பெரிய பெயர், நல்ல விற்பனை என்று நினைத்தார்களோ என்னவோ! அமெரிக்க நூலகர் ரிச்சர்ட் ஹில் 1945-இல் ‘நோட்ஸ்’ என்ற இசை நூலக இதழில் எழுதிய கட்டுரையில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார், பார்த்துக்கொள்ளலாம்.

வரிகளை எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. மெட்டுகளுக்கு மட்டும் ஆள் உண்டு. அமெரிக்காவில் பரவலாகப் பாடுவது மரேயின் மெட்டு. இங்கிலாந்தில் பாடுவது வில்லியம் கிர்க்பாட்ரிக்கின் 1895 மெட்டு. ஆங்கிலேயப் பாடகர் குழு நடத்துநர் டேவிட் வில்காக்ஸ், குழுவாகப் பாடுவதற்கு அமைத்துத் தந்ததும் அதைத்தான். என் காதுக்கு இரண்டாவதுதான் இதம்.

சரி, பாட்டைத் தாராளமாகப் பாடுங்கள். அந்தச் செய்தியை மட்டும் இனி யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். பாட்டுத்தாளில் லூத்தர் பெயர் இருந்தால், ‘ஆசிரியர் தெரியவில்லை’ என்று மாற்றிவிடுங்கள்.